எத்தனைல எத்தனை? ஃபுட்பால் நம்பர்கள் பத்தி வாசகர் கேள்வி பதில்

போன இதழ்ல ஃபுட்பால் பத்தி எது வேணும்னாலும் கேளுங்கன்னு எழுதியிருந்தேன். வந்த கடிதம், வாட்ஸ்அப் எல்லாத்தையும் பிரிச்சு வெச்சுப் பார்த்தா பாதிக்கு மேல ஒரே விஷயத்தை தான் சுத்தி சுத்தி வருது, மேட்ச் ஓடும்போது ஸ்க்ரீன்ல வந்து விழுற நம்பர்கள், பொசெஷன் (பந்து எந்த டீம்கிட்ட எவ்ளோ இருந்துச்சுங்கிற பங்கு), ஷாட், எக்ஸ்ஜி, ஓடுன தூரம். கோபமா கேட்டவங்க இருக்காங்க, ஆசையா கேட்டவங்களும் இருக்காங்க. எனக்கு ரொம்பப் பிடிச்ச விஷயம்ங்கிறதால இந்த இதழ் முழுக்க அதுக்கே குடுத்துட்டேன்.

கேள்வி: சார், 2014 உலகக் கோப்பை செமிஃபைனல்ல பிரேசில் 1-7ன்னு ஜெர்மனிகிட்ட தோத்துச்சே, அந்த மேட்ச்சோட ஸ்டாட்ஸை என் பையன் போன்ல காட்டுனான். பொசெஷனும் பிரேசிலுக்கு தான் அதிகம், ஷாட்டும் பிரேசிலுக்கு தான் அதிகம். அப்போ இந்த நம்பர் எல்லாம் வெறும் ஏமாத்து வேலையா? (வாசகர், மதுரை)

ஏமாத்து இல்லீங்க, உங்க பையன் காட்டுனது உண்மையான நம்பர் தான். பொசெஷன் 52-48, ஷாட் 18-14, ரெண்டுலயும் பிரேசில் தான் மேல. ஆனா எந்த நிமிஷத்துல எது நடந்துச்சுன்னு பிரிச்சுப் பாருங்க. 11வது நிமிஷம் முல்லர், 23ல க்ளோஸ, 24லயும் 26லயும் க்ரூஸ், 29ல கெதிரா. அரை மணி நேரம் ஆகுறதுக்குள்ள 5-0, மேட்ச் அங்கயே முடிஞ்சு போச்சு. அதுக்கப்புறம் ஜெர்மனி கொஞ்சம் பின்னாடி போயிட்டாங்க, பந்து பிரேசில் கால்ல சுத்த ஆரம்பிச்சுது, செகண்ட் ஹாஃப் தொடங்குன சில நிமிஷத்துல ஜெர்மனி கீப்பர் நோயர் வரிசையா பந்தைத் தடுத்தாரே, நெனப்பிருக்கும். அந்த ஷாட் எல்லாம் சேர்ந்து தான் 18 ஆச்சு.

தோத்துட்டு இருக்கிற டீம் முன்னாடி வந்து அடிக்கும், ஜெயிச்சுட்டு இருக்கிற டீம் இருக்கிறதைக் காப்பாத்த பாக்கும், இது எல்லா ஊர்லயும் நடக்கிறது தான். அதனால 90 நிமிஷத்தையும் ஒண்ணா போட்டுக் கூட்டுன ஷாட் கணக்கு ரெண்டு வேற வேற மேட்ச்சை ஒரே பாத்திரத்துல கொட்டுன மாதிரி. அந்த 5-0 ஆகுற வரைக்கும் யார் எத்தனை ஷாட் அடிச்சாங்கன்னு மட்டும் எடுத்துப் பாருங்க, அந்த ராத்திரி நம்ம கண்ணு பார்த்த மேட்ச்சும் நம்பரும் ஒத்துப்போகும். டிவிக்காரங்க இதைச் செய்யலாம், டேட்டா அவங்க கையில இருக்கு, செய்றதில்லைங்கிறது தான் என் வருத்தம்.

கேள்வி: பொசெஷன் 63 சதவீதம்னு போடுறாங்களே, இதை யாராவது ஸ்டாப்வாட்ச் வெச்சுட்டு எண்ணுறாங்களா? (வாசகி, கோயம்புத்தூர்)

ஒரு காலத்துல நெஜமாவே அப்படித்தான், செஸ் கடிகாரம் மாதிரி ரெண்டு பட்டன், பந்து எந்த டீம் கிட்ட போகுதோ அந்தப் பட்டனை அமுக்குவாங்க. 1996ல லண்டன்ல ஆரம்பிச்ச ஆப்டா கம்பெனி வேற வழி புடிச்சாங்க. மேட்ச்ல போட்ட மொத்த பாஸ்ல இந்த டீம் போட்டது எத்தனைன்னு பார்த்து அதையே பொசெஷன்னு சொல்லிடுவாங்க. அப்போ என்னாகும்னா, ஒரு ஆள் பந்தை வெச்சுக்கிட்டு பத்து செகண்ட் ஓடுனாலும் அது கணக்குல வராது, ரெண்டு டிஃபெண்டர் தங்களுக்குள்ள தட்டித் தட்டி விளையாடுன பாஸ் எல்லாம் வந்துடும். அதனால பொசெஷன்னு போட்டிருக்கிறதைப் பார்த்தா மனசுக்குள்ள பாஸ் பங்குன்னு படிச்சுக்கோங்க, பாதி குழப்பம் போயிடும்.

2022ல கத்தார் உலகக் கோப்பைல ஃபிஃபா இன்னொண்ணு செஞ்சாங்க, எனக்கு அது ரொம்பப் பிடிச்சுது. ரெண்டு டீமுக்கும் பிரிச்சுக் குடுக்காம நடுவுல மூணாவதா ஒரு பங்கு, யார் கிட்டயும் இல்லாம பந்து சண்டையில இருக்கிற நேரம். பந்து சும்மா மேல பறந்துட்டு இருக்கும்போது அது யாருடையதுன்னு எப்படிங்க சொல்ல முடியும்?

பொசெஷன் அதிகம்னா ஜெயிப்பாங்களான்னு அடுத்த கேள்வியும் சேர்த்து கேட்டிருக்கீங்க. ஸ்பெயினைப் பாருங்க. 2018ல மாஸ்கோல ரஷ்யாவுக்கு எதிரா ஆயிரத்துக்கு மேல பாஸ், 1-1, பெனால்டில வெளிய. 2022ல ஜப்பான் வெறும் 17.7 சதவீத பொசெஷன் வெச்சுக்கிட்டு அவங்களை 2-1ன்னு ஜெயிச்சாங்க, டோவானும் தனாகாவும் செகண்ட் ஹாஃப் தொடங்குன ஆறு நிமிஷத்துக்குள்ள ரெண்டு கோல். அடுத்த மேட்ச்ல ஸ்பெயின் மொராக்கோவுக்கு எதிரா மறுபடியும் ஆயிரத்துக்கு மேல பாஸ், கூடுதல் நேரமும் சேர்த்து 120 நிமிஷம் ஆடி கோலை நோக்கிப் போன ஷாட் ஒண்ணே ஒண்ணு, பெனால்டில ஒருத்தர்கூட அடிக்கல. அதுக்காக பொசெஷனே வேஸ்ட்டுன்னும் சொல்லிடாதீங்க, 2010ல இதே ஸ்பெயின் இதே மாதிரி பாஸ் போட்டுத்தான் கப் தூக்குனாங்க. பந்து எத்தனை நேரம் இருந்துச்சுன்னு மட்டும் பார்க்காம அது எங்க இருந்துச்சுன்னும் பாருங்க. எதிரி பெனால்டி பாக்ஸுக்குள்ள எத்தனை தடவை தொட்டாங்கன்னு ஒரு கணக்கு போடுறாங்க இல்ல, பொசெஷனை விட எனக்கு அது மேல நம்பிக்கை அதிகம்.

கேள்வி: இந்தக் கணக்கு பார்க்கிற பழக்கமே கம்ப்யூட்டர் வந்தப்புறம் வந்தது தானே? எங்க காலத்துல ஸ்கோர் தெரிஞ்சா போதும். (ஓய்வு பெற்ற கணக்கர், ஈரோடு)

ஐயா, உங்க தொழில்காரர் ஒருத்தர் தான் இதை ஆரம்பிச்சதே. சார்லஸ் ரீப், இங்கிலாந்து விமானப்படையில கணக்குப் பிரிவு அதிகாரி. 1950 மார்ச் 18, ஸ்விண்டன் டவுன் ஆடுன ஒரு மேட்ச்சைப் பார்த்துட்டு இருக்கார், எதிர்ல பிரிஸ்டல் ரோவர்ஸ். முதல் பாதி முழுக்க ஸ்விண்டன் முன்னாடி முன்னாடி போறாங்க, ஒண்ணும் நடக்கல, இவருக்குப் பொறுக்கல. செகண்ட் ஹாஃப் தொடங்குனதும் பாக்கெட்ல இருந்து பென்சிலையும் நோட்டையும் எடுத்து ஒவ்வொரு தாக்குதலும் எங்க ஆரம்பிச்சு எத்தனை பாஸ்ல எங்க முடியுதுன்னு குறிக்க ஆரம்பிச்சார். அவ்ளோ தான், அதுக்கப்புறம் வாழ்நாள் முழுக்க நிறுத்தல, 2,200 மேட்ச்சுக்கு மேல. ராத்திரி மேட்ச்ல நோட்டு தெரியணும்னு சுரங்கத் தொழிலாளி போடுற விளக்கு வெச்ச ஹெல்மெட்டை மாட்டிக்கிட்டு உக்காருவாராம். 1958 உலகக் கோப்பை ஃபைனலை ஒரு வால்பேப்பர் சுருள்ல எழுதுனார், விரிச்சா ஏறக்குறைய ஐம்பது அடி. அந்த மனுஷனோட உழைப்பை நெனச்சா எனக்கு இப்பவும் மரியாதை வருது.

ஆனா அவர் போட்ட கணக்குல ஒரு ஓட்டை இருந்துச்சு, இதைக் கொஞ்சம் நிதானமா சொல்றேன் ஏன்னா இன்னிக்கு டிவில வர்ற பாதி தப்பும் இந்த ஒரு ஓட்டைல தான் இருக்கு. ரீப் கண்டுபிடிச்சது, கோல்ல ஏறக்குறைய 80 சதவீதம் மூணு பாஸ் இல்ல அதுக்கும் குறைவான பாஸ்ல வந்த தாக்குதல்ல தான் விழுது. அவர் எடுத்த முடிவு, அதிகமா பாஸ் போடாதீங்க, பந்தை நேரா தூக்கி முன்னாடி அடிங்க. கேட்டா சரின்னு தானே படுது? ஆனா மொத்த தாக்குதல்ல மூணு பாஸுக்குள்ள முடியறது எத்தனைன்னு அவரோட நோட்டுலயே இருக்கு, 90 சதவீதத்துக்கும் மேல! பெரும்பாலான தாக்குதல் ரெண்டு மூணு பாஸ்லயே பந்தைப் பறிகொடுத்து முடிஞ்சு போயிடுது, அவ்ளோ தான் விஷயம். அப்போ 90க்கு மேல இருக்கிறது 80 பங்கு கோல் குடுக்குது, 10க்கும் கீழ இருக்கிறது 20 பங்கு கோல் குடுக்குது. ஒவ்வொரு தாக்குதலுக்கும்னு வகுத்துப் பாருங்க, நீளமா பாஸ் போட்டு வர்றது ரெண்டு மடங்குக்கு மேல பலன் குடுக்குது.

ஒரு ஸ்கூல்ல 1,000 பேர் எழுதி 80 சென்டம், பக்கத்து ஸ்கூல்ல 80 பேர் எழுதி 20 சென்டம்னா நீங்க எந்த ஸ்கூல்ல பேரனைச் சேர்ப்பீங்க? 80 பெருசா இருக்கேன்னு முதல் ஸ்கூலுக்குப் போக மாட்டீங்க இல்ல. எத்தனைல எத்தனைன்னு கேப்பீங்க. ரீப் மேல இருக்கிற எண்ணைப் பார்த்தார், கீழ இருக்கிற எண்ணை விட்டுட்டார், கணக்குப் புத்தகம் பார்த்தே பழகுன ஒருத்தர்.

இது வெறும் பேப்பர்ல நின்னுருந்தா பரவாயில்ல. 1968ல இதை ஒரு புள்ளியியல் அறிஞரோட சேர்ந்து லண்டன் ராயல் ஸ்டாடிஸ்டிகல் சொசைட்டி இதழ்ல வெளியிட்டார், அப்புறம் இங்கிலாந்து ஃபுட்பால் சங்கத்தோட பயிற்சித் துறையில இருந்த சார்லஸ் ஹியூஸ் ஏறக்குறைய இதே முடிவைப் பாடமா வெச்சார், ஒரு தலைமுறை கோச்சுங்க தூக்கி அடின்னு தான் கத்துக்கிட்டு வந்தாங்க. நியாயமா ஒண்ணும் சொல்லணும், அந்த ஆட்டம் சில இடத்துல பலிச்சுது. கோச் கிரஹாம் டெய்லரோட வாட்ஃபோர்டு கிளப் 1983ல லீக்ல ரெண்டாவது வந்தாங்க. ரீப் உதவி செஞ்ச நார்வே 1998 உலகக் கோப்பைல பிரேசிலையே 2-1ன்னு ஜெயிச்சாங்க. சின்ன டீமுக்கு, உடம்பு வலு இருக்கிற டீமுக்கு அது ஒரு வழி தான். எல்லாருக்கும் அதுதான் வழின்னு கணக்கு சொல்லுச்சுன்னு சொன்னது தான் தப்பு, கணக்கு அப்படி சொல்லவே இல்ல.

கேள்வி: எக்ஸ்ஜின்னா என்ன? எங்க வீட்ல அம்மாவும் மேட்ச் பாப்பாங்க, அவங்களுக்கும் புரியுற மாதிரி சொல்லுங்கண்ணா. (கல்லூரி மாணவி, திருச்சி)

அம்மாவைப் பக்கத்துல உக்கார வெச்சு வாசிச்சுக் காட்டும்மா. எக்ஸ்ஜின்னா எக்ஸ்பெக்டட் கோல்ஸ், ஒரு ஷாட் கோல் ஆக எவ்ளோ வாய்ப்புங்கிற நம்பர். பெனால்டி அடிச்சா நூத்துக்கு சுமார் 79 உள்ள போகுது, அதனால ஒரு பெனால்டிக்கு எக்ஸ்ஜி 0.79. அவ்ளோ தான். இதையே எல்லா ஷாட்டுக்கும் செய்றாங்க. இதே இடத்துல இருந்து, இதே கோணத்துல, கால்லயா தலையிலயா, முன்னாடி டிஃபெண்டர் இருந்தாரா, இதுக்கு முன்னாடி இதே மாதிரி அடிச்ச ஆயிரக்கணக்கான ஷாட்ல எத்தனை கோல் ஆச்சு? பாக்ஸுக்கு வெளிய ரொம்ப தூரத்துல இருந்து அடிச்சா 0.03 மாதிரி வரும், அப்படி நூறு அடிச்சா மூணு உள்ள போகும்னு அர்த்தம். ஆப்டால வேலை பார்த்த சாம் கிரீன் 2012ல இதைப் பத்தி எழுதுனார், 2017 சீசன்ல இருந்து பிபிசில சனிக்கிழமை ராத்திரி மேட்ச் ஆஃப் தி டே நிகழ்ச்சியில காட்ட ஆரம்பிச்சாங்க, அப்புறம் தான் எல்லா டிவிக்கும் வந்துச்சு.

இதுல அம்மா கேட்க வேண்டிய கேள்வி மூணு இருக்கு. ஒண்ணு, ரெண்டு டீமுக்கும் எக்ஸ்ஜி 1.0ன்னு போட்டிருந்தா ரெண்டும் சமமா? ஒரு டீம் 0.5 வாய்ப்பு ரெண்டு உண்டாக்குனாங்க, இன்னொரு டீம் 0.1 வாய்ப்பு பத்து. கூட்டுனா ரெண்டும் 1 தான். ஆனா முதல் டீம் ஒரு கோலாவது அடிக்க 75 சதவீதம் வாய்ப்பு, ரெண்டாவது டீமுக்கு 65 தான். பேனாவும் பேப்பரும் எடுத்துப் போட்டுப் பாரு, ப்ளஸ் டூ கணக்கு தான்.

ரெண்டாவது, பெனால்டியை கீப்பர் தடுத்து அதே ஆள் மறுபடி அடிக்கிறார்னு வெச்சுக்கோ, 0.79 கூட இன்னொரு 0.6ன்னு கூட்டிட்டா 1.39 ஆயிடும், ஆனா அந்த இடத்துல ஒரு கோலுக்கு மேல எப்படி விழும்? இதைச் சரி பண்ணி போடுறவங்க இருக்காங்க, சும்மா கூட்டி போடுறவங்களும் இருக்காங்க.

மூணாவது தான் பெருசு. நடக்காத ஷாட்டுக்கு எக்ஸ்ஜி கிடையாது. கோல் வாசல்ல குறுக்கா ஒரு பந்து போகுது, கால் நுனி எட்டல, ஸ்டேடியமே தலையில கை வெச்சிடுச்சு, கணக்குல பூஜ்யம். 2022ல அர்ஜென்டினா சவுதி அரேபியாகிட்ட 2-1ன்னு தோத்தாங்களே, முதல் பாதியில மட்டும் அர்ஜென்டினா அடிச்ச மூணு கோல் ஆஃப்சைடுன்னு (பாஸ் போடுறப்போ டிஃபென்ஸ் வரிசையைத் தாண்டி நின்னாங்கன்னு) போச்சு, கொடி தூக்குன ஷாட் கணக்குல சேராது. சவுதி மொத்தமா அடிச்சது மூணு ஷாட், ரெண்டு கோல். எக்ஸ்ஜி மட்டும் பார்த்தா சவுதிக்கு அதிர்ஷ்டம்னு தோணும், ஆனா அந்த மூணு ஆஃப்சைடும் அதிர்ஷ்டம் இல்லம்மா, டிஃபென்ஸ் வரிசையை அவ்ளோ மேல தூக்கி நிறுத்தி வெச்ச தைரியம். 36 மேட்ச் தோக்காம வந்த டீமுக்கு எதிரா அதைச் செய்ய என்ன நெஞ்சு வேணும்! அந்த வரிசையோட வேலையைச் சொல்ற நம்பர் மேட்ச் முடிஞ்சப்புறம் வந்த அட்டைல இருக்கத்தான் செஞ்சுது, அர்ஜென்டினா ஆஃப்சைடு 10. அதை யாரும் பெருசா பேசல.

கேள்வி: அதிக கிலோமீட்டர் ஓடுனவர் தான் நல்லா உழைச்சார்னு அர்த்தமா? (வாசகர், சேலம்)

இல்ல. தப்பான இடத்துல நின்னவனும் நிறைய ஓட வேண்டியிருக்கும். மெஸ்ஸி மேட்ச்ல பாதி நேரம் நடந்துட்டு தான் இருப்பார், நடக்கும்போது தலையைத் திருப்பித் திருப்பி என்ன பார்க்கிறார்னு கவனிங்க.

கேள்வி: டேக்கிள் அதிகமா போடுற டிஃபெண்டர் நல்ல டிஃபெண்டரா? என் ஃப்ரெண்டு நம்பர் காட்டி வாதாடுறான். (வாசகர், வியாசர்பாடி)

தம்பி, உங்க ஏரியால தெருவுக்குத் தெரு பந்து உருளுது, நீங்களே பதில் வெச்சிருப்பீங்க. இத்தாலி டிஃபெண்டர் மால்தீனி மாதிரி ஆளுங்க, காலை நீட்டி பந்தைப் பறிக்கிற டேக்கிள் போடுற நிலைமையே வராம முன்னாடியே அந்த இடத்துல போய் நின்னுடுவாங்க. நின்னதுக்கு யாரும் நம்பர் போடுறதில்ல. 2001ல மான்செஸ்டர் யுனைடெட் அவங்க டிஃபெண்டர் யாப் ஸ்டாமை இத்தாலி கிளப் லாட்ஸியோவுக்கு வித்தாங்க. அவரோட டேக்கிள் எண்ணிக்கை குறைஞ்சது ஒரு காரணம்னு இங்கிலாந்துல எழுதுனாங்க, உண்மை எவ்ளோவோ, ஆனா அப்போ கோச்சா இருந்த ஃபெர்குசனே பின்னாடி அந்த விற்பனை தப்புன்னு ஒத்துக்கிட்டார். ஸ்டாம் இத்தாலியில போய் இன்னும் பல வருஷம் நல்லா ஆடுனார்.

இன்னொண்ணு, டேக்கிள்னா என்னங்கிறதே ஆளுக்கு ஒரு மாதிரி. போன வருஷம் எங்க பக்கத்து ஊர் செவன்ஸ் மேட்ச்சுக்கு நானும் என் அக்கா பையனும் போயிருந்தோம், ஆளுக்கு ஒரு நோட்டு, சிவப்பு சட்டை டீமோட 4ஆம் நம்பர் ஆளை மட்டும் பார்த்து டேக்கிள் விழுந்தா ஒரு கோடு போடணும், ஒருத்தர் நோட்டை ஒருத்தர் பார்க்கக் கூடாதுன்னு பேச்சு. முடிஞ்சப்புறம் ரெண்டையும் விரிச்சு வெச்சா அவன் 17, நான் 9. ஒவ்வொண்ணா பேசிப் பார்த்தோம், கால் நீட்டி எதிராளியை வேகம் குறைக்க வெச்சதை எல்லாம் அவன் எண்ணியிருக்கான், நான் பந்து கைமாறுனதை மட்டும் எண்ணியிருக்கேன். ரெண்டு பேரும் ஒரே மூங்கில் கம்பத்துல சாஞ்சு நின்னு ஒரே ஆளைத் தான் பார்த்தோம். டேட்டா கம்பெனிகள் எல்லாத்துக்கும் வரையறை எழுதி வெச்சு, ஒரு மேட்ச்சுக்கு ரெண்டாயிரம் நிகழ்வு வரைக்கும் ஆளுங்களை வெச்சு வீடியோவைத் திருப்பித் திருப்பிப் பார்த்து குறிக்கிறாங்கன்னா காரணம் இது தான். அதனால ஒரு கம்பெனி நம்பரை இன்னொரு கம்பெனி நம்பரோட ஒப்பிட்டு மட்டும் வாதாடாதீங்க.

கேள்வி: கமெண்ட்ரில உங்களுக்கு எரிச்சல் வர்ற ஸ்டாட்ஸ் எது? (வாசகர், தூத்துக்குடி)

இந்த டீம் இந்த மைதானத்துல 14 வருஷமா ஜெயிக்கலங்கிற மாதிரி வர்றது. 14 வருஷத்துக்கு முன்னாடி ஆடுன யாரும் இன்னிக்கு ரெண்டு டீம்லயும் இல்ல, கோச் இல்ல, சில சமயம் மைதானமே வேற, அப்புறம் அது யாரைப் பத்தின தகவல்?

இங்கிலாந்து ஆட்டக்காரர் ஜேம்ஸ் மில்னர் விஷயமும் சொல்லணும். பிரீமியர் லீக்ல அவர் கோல் அடிச்ச மேட்ச் 50க்கு மேல, ஒண்ணுலகூட அவர் டீம் தோத்ததில்ல. அழகான தகவல், எனக்கும் கேட்கப் பிடிக்கும், அந்த மனுஷனோட நீண்ட உழைப்புக்கு ஒரு மாலை மாதிரி. ஆனா கமெண்ட்ரில, மில்னர் அடிச்சுட்டார், இனி தோல்வி இல்லைன்னு சொல்லும்போது தான் கஷ்டமா இருக்கு. ஒரு கோல் அடிச்ச டீம் தோக்கிற வாய்ப்பு முதல்லயே குறைஞ்சிடுது, அதுல அவர் பல வருஷம் ஆடுனது மான்செஸ்டர் சிட்டி, லிவர்பூல் மாதிரி டீம்ல, நிறைய கோல் பெனால்டி. ஆயிரக்கணக்கான ஆட்டக்காரர்கள்ல யாராவது ஒருத்தருக்கு இப்படி அமையத்தான் செய்யும். மில்னர் அடிக்காத மேட்ச்ல அதே டீம் எத்தனை தோத்துச்சுன்னு கூடவே சொன்னா அந்த நம்பருக்கு ஒரு எடை வரும்.

கேள்வி: 2022ல உருகுவேக்கு எதிரா ரொனால்டோ தலையால தொட்ட கோலை ப்ரூனோவுக்குக் குடுத்துட்டாங்களே, மெஷின் சொன்னா நம்பிடணுமா? (ரொனால்டோ ரசிகர், நாகர்கோவில்)

உங்க வருத்தம் புரியுது, நேர்ல பார்த்தப்போ எனக்கும் தொட்ட மாதிரி தான் இருந்துச்சு, அவர் கொண்டாடுனதும் அப்படித்தான். ஆனா அந்தப் பந்துக்குள்ள ஒரு சென்சார் தொங்கவிட்டிருந்தாங்க, ஒரு செகண்டுக்கு 500 தடவை பந்தோட அசைவைப் பதியும். முடி உரசுனாக்கூட கோட்டுல ஒரு சின்ன துடிப்பு தெரியணும், ப்ரூனோ ஃபெர்னாண்டஸ் கால்ல பட்ட இடத்துல பெருசா ஒரு துடிப்பு இருக்கு, ரொனால்டோ தலை பக்கம் போன நேரத்துல கோடு அப்படியே நேரா போகுதுன்னு அடிடாஸ் வெளியிட்டாங்க. பட்டுச்சா படலையாங்கிற கேள்விக்கு கண்ணை விட இது நல்ல சாட்சி, நான் ஏத்துக்கிறேன். ஆனா ரொனால்டோ குதிச்சதால தானே கீப்பர் ஒரு நொடி தயங்குனார்? சென்சார் அதைச் சொல்லாது, அதை எண்ணுறதுக்கு இன்னும் கருவி வரல, நீங்க அதை நெஞ்சுல வெச்சுக்கோங்க, தப்பே இல்ல.

கேள்வி: பெனால்டி ஷூட்அவுட்ல முதல்ல அடிக்கிற டீம் தான் 60 சதவீதம் ஜெயிக்கும்னு கமெண்ட்ரில சொல்றாங்க, அப்போ டாஸ்லயே முடிஞ்சுதா? (வாசகி, புதுச்சேரி)

அந்த 60 எங்க இருந்து வந்துச்சுன்னா, 2010ல ஸ்பெயின் பொருளாதார ஆய்வாளர்கள் ரெண்டு பேர் 129 ஷூட்அவுட்டை எடுத்துப் பார்த்து சொன்னது. முதல்ல அடிக்கிற டீம் முன்னாடி போயிடும், ரெண்டாவது டீம் துரத்துற அழுத்தத்துல தவறவிடும்னு காரணமும் சொன்னாங்க, மனசுக்கு நல்லா பொருந்துற காரணம். ரெண்டு வருஷம் கழிச்சு வேற சிலர் 540 ஷூட்அவுட்டை எடுத்துப் பார்த்தாங்க, 53 சதவீதத்துக்கு வந்துடுச்சு, அது சும்மா நாணயம் சுண்டுனாலும் வரக்கூடிய அளவு தான். இதுக்கு நடுவுல விதியையே மாத்திப் பார்த்தாங்க, 2017ல டென்னிஸ் டைபிரேக்கர் மாதிரி ஏ, பி, பி, ஏன்னு வரிசை வெச்சு பரிசோதனை, மக்களுக்கும் புரியல, 2018ல விட்டுட்டாங்க. அந்த 60 மட்டும் கமெண்ட்ரில இன்னும் உயிரோட இருக்கு.

ஷூட்அவுட்ல எனக்குப் பிடிச்ச கணக்கு வேற. 2006 பெர்லின், ஜெர்மனி அர்ஜென்டினா காலிறுதி. ஜெர்மனி கீப்பர் லேமனோட சாக்ஸுக்குள்ள ஒரு ஹோட்டல் நோட்பேட் தாள், கோல்கீப்பர் கோச் கோப்கே பென்சில்ல எழுதிக் குடுத்தது, யார் எந்தப் பக்கம் அடிப்பாங்கன்னு. அயாலாவோடதைத் தடுத்துட்டார். கடைசியா கம்பியாசோ நடந்து வர்றார். லேமன் தாளை எடுத்து நிதானமா பிரிச்சுப் பார்க்கிறார், திரும்ப மடிச்சு சொருகுறார். அந்தத் தாள்ல கம்பியாசோ பேரே இல்ல! ஆனா 12 கஜம் தள்ளி நின்னுட்டு இருக்கிற கம்பியாசோவுக்கு அது தெரியாதே. அடிச்சார், லேமன் தடுத்தார், ஜெர்மனி செமிஃபைனலுக்குப் போனாங்க. பின்னாடி அந்தத் தாள் ஒரு நல்ல காரியத்துக்காக 10 லட்சம் யூரோவுக்கு ஏலம் போச்சு.

கேள்வி: பி.எஸ்.சி. புள்ளியியல் படிக்கிறேன், ஃபுட்பால்னா உயிர், ஆனா கிளப்ல ஆடுனதில்ல. இந்தத் துறைக்கு வர முடியுமா? (மாணவர், திருநெல்வேலி)

வரலாம் தம்பி. இயன் கிரஹாம்னு ஒருத்தர், கேம்பிரிட்ஜ்ல இயற்பியல்ல முனைவர் பட்டம் வாங்குனவர், 2012ல இருந்து 2023 வரைக்கும் லிவர்பூல் கிளப்போட ஆய்வுப் பிரிவுக்குத் தலைவர். கோச் க்ளாப் லிவர்பூல் வந்த புதுசுல கிரஹாம் அவர் ரூமுக்குப் போய், க்ளாப்போட பழைய டீம் டார்ட்மண்ட் மைன்ஸ்கிட்ட 2-0 தோத்த மேட்ச்சைப் பத்திப் பேசுனார், உங்க டீம் அன்னிக்கு நல்லாத்தான் ஆடுச்சு, தோத்திருக்கவே கூடாதுன்னு. க்ளாப்புக்கு ஒரே சந்தோஷம், அந்த மேட்ச்சைப் பார்த்தீங்களான்னு கேட்டார். இவர் பார்க்கல, நம்பர்ல மட்டும் படிச்சிருக்கார். டார்ட்மண்ட் 7வது இடத்துல முடிச்ச சீசனை அப்படி ஒருத்தர் சரியா படிச்சதால தான் அந்த கோச் மேல லிவர்பூலுக்கு சந்தேகம் வரல. நம்பர் பார்த்து ஆள் எடுக்கிற பிரெண்ட்ஃபோர்டு கிளப்பைப் பாருங்க, 2017ல எக்ஸெட்டர்ல இருந்து சுமார் 18 லட்சம் பவுண்டுக்கு ஓலி வாட்கின்ஸை வாங்கி மூணு வருஷத்துல 2.8 கோடி பவுண்டுக்கு ஆஸ்டன் வில்லாவுக்கு வித்தாங்க, 2021ல 74 வருஷத்துக்கு அப்புறம் முதல் டிவிஷனுக்கே வந்தாங்க.

உங்களுக்கு இப்போ காசு செலவு பண்ண வேண்டியதில்ல. ஸ்டாட்ஸ்பாம்னு ஒரு கம்பெனி நிறைய மேட்ச் டேட்டாவை இலவசமா போட்டிருக்காங்க, மெஸ்ஸி பார்சிலோனாவுக்கு ஆடுன லீக் மேட்ச் எல்லாம் ஒவ்வொரு பாஸும் ஷாட்டும் குறிச்சு அதுல இருக்கு. ஆனா அதுக்கு முன்னாடி ஒண்ணு செய்யுங்க. பாளையங்கோட்டை பக்கம் ஞாயித்துக்கிழமை எந்த மைதானத்துல மேட்ச் நடந்தாலும் போங்க, ஒரு பாதி மட்டும், ஒரு டீம் மட்டும். வெள்ளைத் தாள்ல மைதானம் வரைஞ்சு ஷாட் அடிச்ச இடத்துல எல்லாம் ஒரு புள்ளி, கோல் ஆனா வட்டம், பக்கத்துல நிமிஷமும் அப்போ இருந்த ஸ்கோரும். அந்தத் தாளை போட்டோ எடுத்து அனுப்புங்க, அடுத்த இதழ்ல இந்தப் பக்கத்துல போட்டு நாம ரெண்டு பேரும் அதை வெச்சே பேசலாம்.